ஆத்தாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதா, ஏஜென்சியில் எடுப்பதா?

இந்தத் தை மாதத்தில் மட்டும் செட்டிநாட்டில் மூன்று கல்யாண வீடுகளில் என்னை ஓரமாக அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "ஆத்தாவைப் பார்க்க ஊரிலேயே ஒரு ஆள் வைத்துவிடலாமா, ஏஜென்சியில் சொல்லி எடுக்கலாமா? நீங்கள் இரண்டையும் பார்த்தவராயிற்றே." கேட்டவர்களில் ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் சென்னை, இன்னொருவர் உள்ளூர்தான். மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. அதைச் சொல்லத் தொடங்குவதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் ஆத்தா என்றால் அம்மா, அப்பச்சி என்றால் அப்பா. ஆத்தா தேவகோட்டை வீட்டில். நான் காரைக்குடியில், பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம். தம்பி வெளிநாட்டில். அப்பச்சி தவறிய பிறகு நான்கு ஆண்டுகள் பக்கத்துக் கிராமத்து அக்கா ஒருவர் ஆத்தாவுடன் தங்கிப் பார்த்துக்கொண்டார். ஆத்தா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பின் பதினொரு மாதம் ஏஜென்சி ஆட்கள். இப்போது இரண்டும் கலந்த ஓர் ஏற்பாடு.

முதலில் எதை வைத்து அளப்பது

எல்லோரும் சம்பளத்தில் தொடங்குகிறார்கள். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன். என் முதல் கேள்வி இது: அந்த வீட்டுக்கு அரை மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடிய குடும்பத்து ஆள் யார்? பெயரைச் சொல்லுங்கள். "பங்காளிகள் எல்லாம் இருக்கிறார்களே" என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. இரவு இரண்டு மணிக்கு ஆத்தா கட்டிலிலிருந்து சரிந்துவிட்டால் பங்காளி ஒருமுறை ஓடி வருவார். மூன்றாம் முறை வருவாரா? மாதம் ஒருமுறை மாத்திரைப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்ப்பாரா? ஆளை வைப்பதைவிட அந்த ஆளை மேற்பார்ப்பதுதான் பெரிய வேலை. அதை யார் செய்வது என்று முடிவாகிவிட்டால் மற்றதில் பாதி தானாக முடிவாகும்.

இரண்டாவது, வேலை என்ன என்பது. கூட இருப்பது, கைபிடித்து நடத்துவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது ஒரு வகை. மூக்குக் குழாய் வழியே உணவு கொடுப்பது, சிறுநீர்க் குழாயைக் கவனிப்பது, ஊசி போடுவது, படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சளி உறிஞ்சி எடுப்பது வேறு வகை. முதல் வகைக்குப் பொறுமையும் முதுகு பலமும் போதும். இரண்டாவதற்குப் படிப்பு வேண்டும். 'ஹோம் நர்ஸ்' என்று வருபவர்கள் எல்லோரும் நர்ஸ் இல்லை. ஜி.என்.எம். என்னும் நர்சிங் டிப்ளமோ 3 ஆண்டுப் படிப்பு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. படித்தவரிடம் மாநிலச் செவிலியர் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். கேட்டால் தயங்காமல் காட்டுவார். ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் என்ற பயிற்சி பெற்றவர்கள் நடுவில் நிற்பவர்கள். தூக்க, திருப்ப, துடைக்க நன்றாகத் தெரிந்திருக்கும். ஊசி அவர்கள் வேலை இல்லை.

மூன்றாவது, அவர் வராத நாளில் என்ன நடக்கும் என்பது. நான்காவது, வீட்டின் பத்திரமும் வருபவரின் பத்திரமும். ஐந்தாவது, பேச்சும் சாப்பாடும் ஒத்துப்போகுமா. அதன் பிறகு பணம்.

தனியாக ஆள் வைப்பது

நம் பக்கம் இதற்கு விளம்பரம் தேவைப்படுவதில்லை. சமையலுக்கு வரும் அம்மாவிடம் சொன்னால் போதும், நாலு நாளில் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் கிடைத்தால் அதிர்ஷ்டம். எங்களுக்குக் கிடைத்த அக்கா எந்தப் பயிற்சியும் பெறாதவர், தன் மாமியாரை ஏழு ஆண்டு படுக்கையில் வைத்துப் பார்த்தவர். அதைவிடப் பெரிய சான்றிதழை நான் கேட்கவில்லை.

தனி ஆளின் பெரிய பலம், அவர் உங்கள் மனிதரைப் படித்துவிடுவார் என்பது. ஒருநாள் காலை அக்கா எனக்குப் போன் செய்தார்: "ஆச்சி இன்னைக்கு வெத்தலை உரலைக் கேக்கலை." அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை, வலி என்று சொல்லவில்லை. நாற்பது ஆண்டாக எழுந்தவுடன் வெற்றிலை இடித்துப் போடும் கை அன்று உரலைத் தேடவில்லை என்பதே அவருக்குச் செய்தி. மாலைக்குள் ஆத்தா என்னைத் தன் தங்கை பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினார். பரிசோதனையில் சிறுநீர்த் தொற்று. வயதானவர்களுக்கு இந்தத் தொற்று காய்ச்சலாக வராமல் குழப்பமாக வருவது உண்டு என்று டாக்டர் சொன்னார். பத்து நாளுக்கு ஒருமுறை மாறும் ஆட்கள் இருந்திருந்தால் உரலை யார் கவனித்திருப்பார்கள்?

பேச்சும் இதில் சேர்த்தி. பக்கவாதம் வந்து பாதி வார்த்தை குழறும் மனிதருக்கு, மறதி முற்றிப் பழைய காலத்தில் உலவும் மனிதருக்கு, ஊர்ப் பேச்சு தெரிந்தவர் பக்கத்தில் இருப்பது மருந்துக்குச் சமம். 'பட்டாலையில் வெயில் விழுந்துவிட்டதா' என்று ஆத்தா கேட்டால், உள்திண்ணை வெயிலை வைத்து மணி கேட்கிறார் என்று அக்காவுக்குப் புரியும்.

இனி மறுபக்கம். தனி ஆள் வைத்த அன்றே நீங்கள் முதலாளி ஆகிவிடுகிறீர்கள். விடுப்பு, முன்பணம், மனத்தாங்கல், சண்டை எல்லாம் உங்கள் தலையில். அக்கா தன் பேத்தியின் காதுகுத்துக்கு 2 நாள் என்று போனார். எட்டாம் நாள் வந்தார். அத்தனை இரவும் நான்தான் அங்கே படுத்தேன், காலை பஸ்ஸில் காரைக்குடி, மாலை பஸ்ஸில் தேவகோட்டை. அவர் மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தவறு என்னுடையது. நான்கு ஆண்டில் ஒரு மாற்று ஆளைத் தயார் செய்து வைக்காதவள் நான். நம் பக்கத்துக் கிராமங்களில் ஆள் வராத நாட்கள் முன்கூட்டியே தெரிந்தவைதான்: பொங்கலும் அதை ஒட்டிய மஞ்சுவிரட்டும், ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் நாள், கண்மாயில் தண்ணீர் வந்தால் நடவு, தை அறுப்பு, நடுவில் நூறு நாள் வேலை. இவற்றை நாட்காட்டியில் முதலிலேயே குறித்துவைத்துக்கொண்டால் பாதி மனக்கசப்பு குறையும்.

முன்பணம் தனிக்கதை. மகள் கல்யாணம், வீட்டுக் கூரை என்று ஒரு தொகை கேட்பார். கொடுக்கலாம், கொடுத்தோம். ஆனால் சம்பளத்தில் மாதாமாதம் எவ்வளவு பிடிப்பது என்று அன்றைக்கே எழுதிக்கொள்ளுங்கள். எழுதாத முன்பணம் இரண்டு பக்கமும் கசப்பாக முடியும்: அவருக்கு விலங்கு மாதிரி, உங்களுக்குப் போன பணம் மாதிரி.

பத்திரம் பற்றி. ஆதார் நகல், அவர் வீட்டில் இன்னும் இருவரின் போன் எண், ஒரு புகைப்படம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டுப் பணியாளருக்கான சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. "தெரிந்த பெண்தானே" என்று பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. செய்யுங்கள், அவரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள். தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென 2007ஆம் ஆண்டு முதல் தனி நல வாரியம் இருக்கிறது. அதில் அவரைப் பதிவு செய்ய உதவினால் அவருக்கு நன்மை, உங்கள் வீட்டுக்கும் அவருக்கும் இடையே ஒரு மரியாதை பிறக்கும். ஒரு தாளில் வேலை நேரம், மாத விடுப்பு, தீபாவளிக்குக் கொடுப்பது, யாராக இருந்தாலும் விலகுவதற்கு முன் எத்தனை நாள் சொல்ல வேண்டும் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கொண்டுவிற்க என்று கடல் கடந்து தொழிலுக்குப் போன இடத்தில், எடுபிடியாக இருந்த பெட்டியடிப் பையனுக்கும் கணக்கு எழுதியவர்கள் நம் பாட்டன்மார். வீட்டில் ஆத்தாவைத் தூக்கி நிறுத்தும் பெண்ணுக்கு ஒரு தாள் எழுதக் கூச்சம் எதற்கு?

ஏஜென்சி மூலம் எடுப்பது

ஒரு சிரிப்புக் கதையில் தொடங்குகிறேன். பெரிய நகரத்து ஏஜென்சி ஒன்றுக்குத் தம்பி போன் செய்தான். அவர்கள், "கவலைப்படாதீர்கள், நாளைக்கே நல்ல ஆயா ஒருவரை அனுப்புகிறோம்" என்றார்கள். நம் வீடுகளில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்றவள். தம்பி ஒரு நொடி பேச்சற்றுப் போய், "ஆயா போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆயிற்றே" என்றானாம்.

வந்த பெண்ணுக்கு வேலை தெரிந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்த இடுப்பை அசைக்காமல் எப்படிப் புரட்டுவது, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏன் புரட்ட வேண்டும், குதிகாலுக்கு அடியில் என்ன வைப்பது, எல்லாம் கைப்பாடம். அந்த முதல் மூன்று வாரத்தில் ஆத்தாவுக்குப் படுக்கைப் புண் வராமல் போனதற்கு அவள்தான் காரணம். எங்கள் அக்கா நல்லவர், ஆனால் அன்பினால் செய்யக்கூடாததைச் செய்வார்: வலிக்கிறது என்று ஆத்தா சொன்னால் புரட்டாமல் விட்டுவிடுவார். பயிற்சி என்பது அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது.

ஏஜென்சியின் இரண்டாவது பலம் மாற்று ஆள். ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். குடும்பத்தார் யாரும் ஊரில் இல்லாதவர்களுக்கு இதுவே பெரிய விஷயம். ஆனால் இந்த வாக்குறுதியை ஊர் தூரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆட்களை அங்கிருந்தோ சென்னையிலிருந்தோ அனுப்பும் ஏஜென்சி, 'உடனே மாற்று ஆள்' என்றால் நம் ஊரில் அது மறுநாள் மாலை. பள்ளத்தூர், ஆத்தங்குடி, இராயவரம் என்றால் இன்னும் ஒரு பஸ் மாற வேண்டும். பெரிய ஊர்களில் வேலை பார்த்துப் பழகிய பெண்கள் சிலர் நம் ஊர்களின் ஆளில்லாத தெருவைப் பார்த்தவுடனே திரும்பிப்போக நாள் எண்ணுகிறார்கள். பதினொரு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு ஆறு பேர் வந்தார்கள். ஒருத்தி ஒன்பதாம் நாள், "அக்கா, ராத்திரி இந்த வீடு பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒற்றை விளக்கு எரிய, மழை நாளில் நடுவாசலில் தண்ணீர் கொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாகப் படுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆள் மாற மாற ஆத்தா தளர்ந்ததும் உண்மை. ஒவ்வொரு புதிய முகத்துக்கும், காப்பியில் சர்க்கரை வேண்டாம், இடது காது கேட்காது, கண்ணாடி தலையணைக்கு அடியில் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மறதி நோய் உள்ளவர் வீட்டில் இதுவே குழப்பத்தை அதிகப்படுத்தும்.

'லைசென்ஸ்' என்று சொன்னால் எதைக் கேட்க வேண்டும்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆஸ்பத்திரி, கிளினிக்குகளைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களுக்கென்று நாடு முழுவதற்குமான தனி உரிமச் சட்டம் இல்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த 2019இல் மக்களவையில் ஒரு மசோதா வந்தது. அதில் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஏற்பாடு இருந்தது. அது சட்டமாகவில்லை. ஆகவே "நாங்கள் அரசு லைசென்ஸ் பெற்றவர்கள்" என்று ஒருவர் சொன்னால், எந்த லைசென்ஸ் என்று கேளுங்கள். பல இடங்களில் அது ஜி.எஸ்.டி. எண்ணாகவோ, சிறுதொழில் பதிவாகவோ இருக்கும். அவை வியாபாரம் நடப்பதற்கான சான்று. ஆத்தாவைப் புரட்டத் தெரியும் என்பதற்கான சான்று இல்லை.

நான் வேறொரு கேள்வியால் அளப்பேன்: "வரும் பெண்ணுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறீர்கள்?" நிறுவனமே மாதச் சம்பளம் கொடுத்து, 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு, 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறது என்றால் அது உண்மையான ஏஜென்சி. முதல் மாதக் கமிஷனை வாங்கிக்கொண்டு, "இனிச் சம்பளத்தை நீங்களே அவளிடம் கொடுத்துவிடுங்கள்" என்றால் அவர் தரகர். தரகரிடம் எடுத்த ஆள் தனி ஆள்தான், இடையில் ஒரு கமிஷன் போயிருக்கிறது, அவ்வளவே. நம் பக்கத்தில் ஏஜென்சி என்ற பலகை மாட்டியவர்களில் இரண்டாம் வகையினரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தரகு பாவமான தொழில் என்று சொல்லவில்லை. பாதுகாப்புக்காக அதிகப் பணம் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தரகருக்குக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

கையெழுத்துப் போடும் முன் தாளில் பார்க்க வேண்டியவை: மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், வராத நாளுக்குப் பணம் கழியுமா, வழிச் செலவு யாருடையது, ரசீதில் வரி தனியாகச் சேருமா, பொருள் தொலைந்தால் அவர்கள் பொறுப்பு என்ன, நர்ஸ் மேற்பார்வைக்கு நேரில் வருவாரா அல்லது போனில் விசாரிப்பதோடு சரியா. அந்தப் பெண்ணைப் பின்னால் நீங்களே நேரடியாக வைத்துக்கொண்டால் அபராதம் என்று ஒரு நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அதைப் படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் பிறகு வழக்கு வாய்தா என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

'24 மணி நேர ஆள்' என்ற சொல்லும் ஏமாற்றும். வீட்டில் தங்குவார் என்பதுதான் அதன் பொருள். இரவு முழுதும் விழித்திருப்பார் என்று பொருள் இல்லை. அவரும் தூங்க வேண்டும். இரவில் நாலைந்து முறை எழுப்ப வேண்டிய நிலை வந்துவிட்டால் 12 மணி நேரக் கணக்கில் இரண்டு பேர் வேண்டும், செலவு இரட்டிப்பு. இது தனி ஆளுக்கும் பொருந்தும். ஒருவரை இரவும் பகலும் விழிக்க வைத்தால் மூன்றாம் வாரம் அவர் போய்விடுவார், அல்லது ஆத்தா கீழே விழும் நேரத்தில் அசந்து தூங்கியிருப்பார்.

கணக்கு

ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, போடத் தெரிந்த சமூகம், ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் ஒற்றைப் பத்தியில் கணக்கு எழுதுகிறோம். கீழே உள்ள தொகைகள் விலைப்பட்டியல் இல்லை. ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை மாறும். கணக்குப் போடும் முறைக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

தனி ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் என்று பேசுகிறீர்கள். ஏஜென்சி நாளொன்றுக்கு 1,000 ரூபாய், மாதம் 30,000 என்கிறது. வித்தியாசம் 10,000 போலத் தெரிகிறது. தனி ஆளுக்கு மாதம் 4 நாள் விடுப்பு. அந்த நாட்களுக்கு மாற்று ஆள் நாளுக்கு 900 என்றால் 3,600. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம், அதை 12 மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 1,667. ஆக 25,267. வித்தியாசம் 5,000க்கும் கீழே வந்துவிட்டது. சாப்பாடு இரண்டு பக்கமும் உண்டு. இன்னும் எழுதாதது உங்கள் நேரம்: நான் எட்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ்ஸில் போய்வந்ததை எந்தப் பத்தியில் எழுதுவது? ஆள் போய்விட்டதற்காக வெளிநாட்டிலிருந்து அவசரமாக டிக்கெட் எடுத்து வந்தால் ஓராண்டு வித்தியாசம் ஒரே நாளில் போய்விடும்.

ஏஜென்சிப் பக்கத்தில் மறைந்திருப்பவை: முதல் பதிவுக் கட்டணம், ஆள் மாறும்போதெல்லாம் பயணச் செலவு, நீங்கள் கொடுக்கும் 30,000இல் அந்தப் பெண்ணின் கைக்குப் போவது எவ்வளவு என்ற கேள்வி. கடைசியானது உங்களுக்குச் சம்பந்தமில்லாதது போல் தோன்றும். குறைவாகக் கிடைப்பவர் நிலைப்பதில்லை என்பதால் சம்பந்தம் உண்டு. கையுறை, டயப்பர், காற்றுப் படுக்கை, சாய்த்து உயர்த்தும் கட்டில் ஆகியவை எந்த வழியானாலும் தனிச் செலவு. மருத்துவக் காப்பீட்டில் பராமரிப்பாளர் சம்பளம் வரும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், பெரும்பாலான பாலிசிகளில் வராது.

| எதை வைத்து | தனி ஆள் | ஏஜென்சி |
|---|---|---|
| மேற்பார்வை | முழுதும் உங்களுடையது | பங்கு போட்டுக்கொள்ளலாம், ஆனால் தூரத்திலிருந்து |
| நர்ஸ் வேலை | கூடாது | பதிவு பெற்றவரைக் கேட்டு வாங்கலாம் |
| வராத நாள் | மாற்று ஆளை நீங்கள் தேட வேண்டும் | ஆள் வரும், நம் ஊருக்கு ஒரு நாள் தாமதமாக |
| பழக்கம், பேச்சு | பெரும் பலம் | ஆள் மாறுவதால் பலவீனம் |
| மறைந்த செலவு | விடுப்பு, முன்பணம், உங்கள் நேரம் | பதிவு, பயணம், வரி, அபராத நிபந்தனை |

நம் வீடுகள் கேட்கும் தனிச் செலவு

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எழுதிய அறிவுரை செட்டிநாட்டு வீட்டுக்குப் பொருந்தாது. ஆத்தா விழுந்தது ஆத்தங்குடிக் கல்லில். தண்ணீர் பட்டால் அது கண்ணாடி. ஒவ்வொரு கட்டுக்கும் நடுவே உயர்ந்த நிலைப்படி. சக்கர நாற்காலி அதைத் தாண்டாது, தூக்கிக் கடத்த இரண்டு பேர் வேண்டும். கழிப்பறை பின்கட்டின் கோடியில். முகப்பில் படுத்திருப்பவர் கூப்பிட்டால் அடுப்படியில் இருப்பவருக்குக் கேட்காது. எவ்வளவு நல்ல ஆளை எடுத்தாலும் அவரை இந்த வீடு தோற்கடிக்கும். எங்கள் ஏஜென்சிப் பெண்களில் ஒருத்தி முதல் நாளே, "கட்டிலைக் கழிப்பறைப் பக்கம் மாற்றாவிட்டால் நான் பொறுப்பில்லை" என்றாள். அது நான்கு ஆண்டாக எனக்குத் தோன்றவில்லை.

முகப்பு அறையிலேயே ஒரு கழிப்பறை கட்டலாம் என்றால், வீடு பொது. ஐந்து புள்ளிக்கும், அதாவது ஐந்து குடும்பத்துக்கும், உரிமை. நிலைப்படிக்குச் சாய்தளம் போடவே ஒரு பங்காளி, "பர்மாத் தேக்கு நிலையில் ஆணி அடிக்காதீர்கள்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் ஆணி இல்லாமல், எடுத்து வைக்கக்கூடிய பலகைச் சாய்தளம் செய்தோம். ஆளைத் தேடும் முன் இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.

பொருள்கள் பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு, அங்கே உள்ளதில் பாதி தங்கள் வீட்டிலும் இருப்பது தெரியும். வெள்ளியும் பித்தளையும் இருக்கும் அறைகளைப் பூட்டி, சாமான் பட்டியலைப் புதுப்பித்து, சாவியை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். விலாசம், அதாவது குடும்பப் பெயரெழுத்து, வெட்டிய பாத்திரமாயிற்றே என்று சும்மா இருக்காதீர்கள். இதைச் செய்வது வந்தவரைச் சந்தேகிப்பதற்காக இல்லை. பல வீடுகளில் பத்து ஆண்டுக்கு முன் யாரோ பங்காளி எடுத்துப்போன பொருளுக்கு நேற்று வந்த பெண் பழி சுமக்கிறாள்.

அவளுடைய பத்திரமும் உங்கள் கடமை. தாழ்ப்பாள் உள்ள அறை, மின்விசிறி, கட்டில், வீட்டில் என்ன சமைக்கிறதோ அதே சாப்பாடு. அடுப்படிக்குள் விடமாட்டேன், தனித் தட்டு என்று இன்னும் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. மலம் துடைக்கும் கை அடுப்படிக்கு ஆகாது என்று நினைப்பவர்களுக்கு எந்த வழியிலும் நல்ல ஆள் நிலைக்காது. வீடும் பணியிடம்தான்; 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டுப் பணியாளருக்கும் பொருந்தும். வயதான ஆண்களைப் பார்க்க முடிந்தவரை ஆண் உதவியாளரையே எடுங்கள்.

யாருக்கு எது

ஆத்தா நடமாட்டத்தோடு இருக்கிறார், துணைதான் வேண்டும், குடும்பத்தில் ஒருவராவது அரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறார் என்றால் தனி ஆள். யோசிக்கவே வேண்டாம். மறதி நோய் இருந்தால் இன்னும் உறுதியாகத் தனி ஆள், ஆனால் இரண்டு பேரை ஆரம்பத்திலிருந்தே பழக்கி வையுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் முதல் நாலைந்து வாரம், குழாய்கள் இருக்கும் காலம், படுக்கைப் புண் உள்ளவர் என்றால் ஏஜென்சி. அதுவும் பதிவு பெற்ற நர்ஸ் மேற்பார்வை உள்ள, சம்பளம் தானே கொடுக்கும் ஏஜென்சி. செலவைப் பார்க்காதீர்கள், இது குறுகிய காலம்.

ஊரில் யாருமே இல்லை, பிள்ளைகள் எல்லோரும் கடல் கடந்து என்றால்? ஏஜென்சி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையே சொல்வேன், ஆனால் அதற்கு மேல் உள்ளூரில் ஒருவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து வாரம் மூன்று முறை முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குள் போய்வரச் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியரோ, குடும்பத்துக்குத் தெரிந்த மருந்துக்கடைக்காரரோ. கேமராவை மட்டும் நம்பிக் கோலாலம்பூரிலிருந்து மேற்பார்த்த ஒரு வீட்டில், கேமரா இருந்த பக்கம் மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

எங்களுக்கு இப்போது ஒத்துவருவது கலப்பு. அக்கா திரும்ப வந்துவிட்டார், பகலும் இரவும் அவர். அவருடைய நாத்தனார் மாதம் 4 நாள் மாற்று. வாரம் ஒருமுறை ஏஜென்சி நர்ஸ் வந்து தோலையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து, அக்காவுக்கு ஒரு பாடம் சொல்லிப் போகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது; தேவைப்படுவோருக்கு இயன்முறைப் பயிற்சியும், நோய்த் தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. பணக்கார வீடு என்று நினைத்துக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

முதல் நாள் சுவரில் ஒட்ட வேண்டிய தாள்

எந்த வழியை எடுத்தாலும் இந்தத் தாள் ஒன்றுதான். ஆம்புலன்சுக்கு 108, முதியோர் உதவிக்கு 14567, டாக்டர், மருந்துக்கடை, அரை மணி நேரத்தில் வருபவர், மாற்று ஆள். வாய் கோணினாலோ ஒரு கை தளர்ந்தாலோ என்னைக் கேட்காமலே 108ஐ அழைக்கலாம் என்று பெரிதாக எழுதுங்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதில் பாதி, முதலாளியம்மாவுக்குப் போன் கிடைக்கவில்லை என்பதில் போய்விடக்கூடாது.

முகவரியையும் எழுதுங்கள், கதவு எண்ணோடு. உங்களுக்கு அது விலாசம் சொன்னால் ஊரே கை காட்டும் வீடாக இருக்கலாம், மதுரையிலிருந்து வந்த பெண்ணுக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் அது தெரியாது. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறதென்றால் இரண்டு தெருவின் பெயரும் வேண்டும், ஸ்ட்ரெச்சர் எந்த வாசல் வழியாகப் போகும் என்றும் வேண்டும். எங்கள் வீட்டில் அது பின்வாசல். ஆத்தா விழுந்த அன்று ஆம்புலன்ஸ் முன்வாசலில் நின்றது, ஆறு நிலைப்படி தாண்டி அவரைத் தூக்கி வந்தோம்.